கோடு விழுந்த கதவுகள்

1. வெறும் லயம்

லொறி தோட்டத்துக்குள் திரும்பியபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. முதலில் என் மனதில் பட்டது அதுதான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பக்கம் எந்த வண்டி வந்தாலும் நாய்கள் முன்னால் ஓடிவரும், பிள்ளைகள் பின்னால் ஓடிவருவார்கள். அன்றைக்கு இரண்டும் இல்லை.

முன் சீட்டில் சாரதிக்கும் பியதாசவுக்கும் நடுவில் நான் இருந்தேன். பியதாச மருந்து அடிக்கும் ஆட்களுக்குத் தலைவன். வில்கமுவப் பக்கத்துச் சிங்கள வயல்காரக் குடும்பம். தமிழ் தெரியாது. பின்னால் பம்புகளோடும் டீ.டீ.டீ. கொசு மருந்து டின்களோடும் அவனுடைய ஆட்கள். அறுபதுகளின் பிற்பகுதி அது. ஒழிந்துபோனதாக எல்லோரும் நம்பியிருந்த மலேரியா திரும்பி வந்திருந்தது. வீடு வீடாகப் போய் உள்சுவரில் மருந்து அடிக்கவேண்டும். ஒரு வீட்டை விட்டாலும் கொசு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மாத்தளைக்கும் நாலந்தாவுக்கும் இடையில், பெருந்தெருவை விட்டு உள்ளே தள்ளி இருந்த தோட்டம் அது. பாதி கொக்கோ, பாதி ரப்பர். பெயர் வேண்டாம். போன கிழமை பியதாசவின் ஆட்கள் ஒரு தடவை வந்து அடித்துவிட்டுப் போயிருந்தார்கள். விடுபட்டு, கதவில் கோடு விழுந்த வீடுகளுக்கு அடிக்க இன்றைக்கு இரண்டாம் தடவை. என் மடியில் ஒரு தகரம் இருந்தது. அதில் வட்டம் ஒன்று வெட்டியிருந்தது. கதவில் அதை வைத்துக் காவிச் சாயம் தடவினால் அடையாளம் விழும். தகரத்தை வெட்டியவன் நான். என் அடையாளம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவரச் சொல்லி மேலதிகாரி என்னை அனுப்பியிருந்தார்.

லயத்தின் முன்னால் லொறி நின்றது. குடும்பத்துக்கு ஓர் அறையான காம்பராக்களின் கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன. ஒரு கூரையிலும் புகை இல்லை. ஒரு வாசலில் ஈரச் சேலை கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வாசலில் அம்மியில் பாதி அரைத்த மிளகாய் அப்படியே கிடந்தது. பியதாச இறங்கிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து, கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான்.

கொக்கோ மரத்தடியில் பகலிலும் இருட்டுத்தான். அந்த இருட்டுக்குள்ளிருந்து ஆண்கள் வந்தார்கள். சிலருடைய கையில் கிளை கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, சிலருடைய கையில் மண்வெட்டிப் பிடி. யாரும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. ஒருவர் ஜன்னலுக்குள் கையை விட்டு லொறிச் சாவியை உருவி எடுத்துக்கொண்டார்.

அவர்களுக்கு முன்னால் ஒரு பெண் நின்றார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் ரப்பர் பால் பிசுக்கு ஏறிய சாக்கு கட்டியிருந்தார். பெயர் பார்வதி என்று பிறகு தெரிந்தது. பால் வெட்டும் தொழிலாளி.

"யாரக் கூட்டிட்டுப் போக வந்தீங்க?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. மருந்து அடிக்க வந்திருக்கிறோம் என்றேன்.

"எல்லா வூட்டுக்குமா, கோடு விழுந்த வூட்டுக்கு மட்டுமா?"

கோடு விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் என்று நான் சொன்னேன். உண்மை அதுதான். அதைச் சொன்ன உடனே அவர்கள் எல்லோரும் ஓர் அடி கிட்ட வந்தார்கள்.

2. நான் இந்த வேலைக்கு வந்தது

வாப்பாவுக்கு மாத்தளைக் கடைத்தெருவில் சரக்குக் கடை. மிளகு, கராம்பு, சாதிக்காய் மூட்டை கட்டிக் கொழும்புக்கு அனுப்புவார். மூட்டையில் குத்தும் அடையாளத்துக்குத் தகரம் வெட்டப் பழகியதுதான் என் முதல் தொழில். மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் பிறையைக் கண்டால் எங்கள் கடைச் சரக்கு என்று தெரியும். எழுத்து இல்லாமலே ஒரு செய்தி கொழும்புவரை போய்ச் சேருகிறதே என்று எனக்கு அப்போதே ஆச்சரியம்.

அந்த ஆச்சரியம்தான் என்னைக் கெடுத்தது என்பார் வாப்பா. கடையில் உட்காராமல் போர்ட் எழுதப் போனேன். பிறகு அச்சகம் ஒன்றில் சேர்ந்து திருவிழா நோட்டீஸ், பட நோட்டீஸ், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் வாசகமும் எழுதி வடிவமும் போட்டுக் கொடுத்தேன். ஓய்வு கிடைத்தால், முன்பெல்லாம் மாத்தளைக்குச் செய்தி எப்படி வந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதுவேன். சிங்களக் கிராமத்தில் பறை அடித்து அரசாணை சொன்னவர்கள், தோட்டத்தில் தப்படித்து ஆள் கூப்பிட்டவர்கள், ஸ்டேஷனில் தந்தி மணி கேட்டவர்கள். இரண்டொரு கட்டுரை சிறு பத்திரிகையில் வந்தது. இதையெல்லாம் எழுதி என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காதவர்கள் குறைவு.

மலேரியா திரும்பி வந்தபோது அதை ஒழிக்கும் ஒரு காரியாலயத்தில் ஆர்ட்டிஸ்ட் வேலை கிடைத்தது. முதல் வேலையாக வந்தது கதவு அடையாளம். அதுவரை மருந்து அடித்த ஆட்கள் கதவில் சிங்களத்தில் எழுதிவிட்டு வந்தார்கள். சிங்களவருக்கும் தமிழருக்கும் கலவரம் நடந்து அதிக காலம் ஆகாத ஊர்கள். தமிழர் வீட்டுக் கதவில் சிங்கள எழுத்தைக் கண்டால் சிலர் இரவோடிரவாக அழித்துவிடுவார்கள். தமிழில் எழுதினால் வேறு இடத்தில் வேறு பிரச்சினை. எழுத்தே வேண்டாம் என்றேன் நான். மருந்து அடித்த வீட்டுக்கு முழு வட்டம். வீடு பூட்டியிருந்து அடிக்க முடியாமல் போனால் வெற்று வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு. கோட்டைப் பார்த்து அடுத்த தடவை வந்து அடித்துவிட்டு, வட்டத்தை நிரப்பிவிடலாம்.

மேலதிகாரிக்கு நல்ல சந்தோஷம். எழுத்து இல்லாத அடையாளத்தைப் பார்த்து யார் பயப்படப் போகிறார்கள் என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

3. பிள்ளைக் காம்பரா

எங்களைக் கொண்டுபோய்ப் பிள்ளைக் காம்பராவில் இருத்தினார்கள். பெற்றோர் வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. தொட்டில் சேலைகள் வெறுமையாகத் தொங்கின. வாசலில் கவ்வாத்துக் கத்தியோடு ஒருவர் நின்றார். உயரமான மனிதர். கறுப்பையா என்று கூப்பிட்டார்கள். அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. வெளியே பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். தோட்டத்தை நடத்தும் தொரை பொலிஸுக்கு டெலிபோன் பண்ணியாயிற்று, ஜீப் வந்தால் துவக்கால் வெடி வைத்துச் சுட்டாவது உங்களை எடுப்பார்கள், அதுவரை பேசாமல் இருங்கள் என்று என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். அவர் அதை ஆறுதலாகச் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. வெடி வைத்தால் குண்டு ஆளைப் பார்த்தா படும்?

பியதாசவுக்கு வேறு பயம். பின்னேரத்துக்குள் தான் ஊர் போய்ச் சேராவிட்டால் அண்ணன் தம்பிமார் தேடிக்கொண்டு வருவார்கள் என்றான். "அவங்க வந்தா பேச மாட்டாங்க, மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னான். அவன் மிரட்டவில்லை. அழும் நிலையில் இருந்தான். அவனுடைய ஆட்களில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு பௌத்தர் ஓதும் பிரித் ஓதிக்கொண்டிருந்தான். நானும் எனக்குத் தெரிந்த துஆக்களை மனதுக்குள் ஓதினேன். பாதியில் மறந்து மறந்து போனது.

கத்தி ஒரு பக்கம், துவக்கு ஒரு பக்கம், வில்கமுவவிலிருந்து வரப்போகிறவர்கள் இன்னொரு பக்கம். நடுவில் தொங்கும் தொட்டில் சேலைகள். உயிரோடு வீட்டுக்குப் போவேன் என்று அந்த நேரத்தில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

பார்வதி உள்ளே வந்து, சுவரோரமாகச் சாய்த்து வைத்திருந்த என் தகரத்தை எடுத்துப் பார்த்தார்.

"இத வரைஞ்சது யாரு?"

பியதாசவுக்கு இந்தக் கேள்வி விளங்காது. கொழும்பிலிருந்து வந்தது என்று நான் சொல்லியிருக்கலாம், யாரும் தேடிப்போய்ப் பார்க்கப் போவதில்லை. ஆனால் அப்படிச் சொன்னால் அதன் அர்த்தத்தைச் சொல்ல அங்கே ஆளே இல்லாமல் போய்விடும் என்று பட்டது.

"நான்தான்" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் 'நானா' என்று கூப்பிட்டு நிதானமாகப் பேசினார். அந்தப் பேச்சை நான் வீட்டுக்குப் போனதும் எழுதி வைத்தேன், மறக்கக்கூடாது என்று.

"நானா, நாங்க படிக்காதவங்க. ஆனா பேரு வெட்டுனா எப்பிடி வெட்டுவாங்கனு எங்களுக்குத் தெரியும். வேல ஆளுங்க பேரு எழுதுற செக்ரோல்ல பேருக்கு மேல இப்பிடி ஒரு கோடு. கோடு விழுந்திட்டா வேல இல்ல, காம்பராவ விட்டுப் போகணும். எங்க அப்பா பேருல கோடு விழுந்த அன்னைக்கு மழையில நின்னோம். என் தம்பி வூட்டுக் கதவுல பொட்டு. பக்கத்துல என் கதவுல கோடு. அவன் இங்க இருக்கணும், நான் இந்தியாவுக்குப் போகணும். அப்பிடித்தானே?"

எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுத் தலைவர்களும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்து மக்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்து முடித்திருந்த காலம் அது. யாருக்கு எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவரும் எதுவும் சொல்லாமல் வந்து, சில கதவில் பொட்டும் சில கதவில் கோடும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த கிழமை ஒரு லொறி வருகிறது. கோடு விழுந்த வீடுகளுக்கு மட்டும் வந்திருக்கிறோம் என்று அதிலிருந்து இறங்கியவனே சொல்கிறான்.

பார்வதியின் பதினாலு வயது மகளுக்கு நடுக்கக் காய்ச்சல். அந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டுதான் மற்றப் பெண்கள் மேலே காட்டுக்குள் போயிருந்தார்கள்.

4. ஒரு மொழிபெயர்ப்பு

நான் சொல்லிப் பார்த்தேன். முழு வட்டம் மருந்து அடித்த வீடு, கோடு அடிக்காத வீடு. அன்றைக்குக் கதவு பூட்டியிருந்த வீடுகளில்தான் கோடு போட்டார்கள் என்றேன்.

பார்வதி யோசித்தார். அன்றைக்குத் தான் பால் வெட்டப் போயிருந்ததாகவும் கதவைப் பூட்டித்தான் போனதாகவும் சொன்னார். அவருடைய முகத்தில் முதல் தடவையாக ஒரு தளர்வு வந்தது.

வாசலில் நின்ற கறுப்பையா அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்பினார்.

"என் வூடு பூட்டல. எங்கம்மா உள்ளதான் படுத்திருந்தாங்க. கதவு தொறந்து கெடந்திச்சு. எனக்கு எப்பிடிக் கோடு வந்திச்சு?"

பியதாசவிடம் சிங்களத்தில் கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு சொன்னான்: கடைசி லயத்துக்கு வரும்போது மருந்து முடிந்துவிட்டது. மாத்தளைக்குப் போய் எடுத்துவர நேரம் இல்லை. ஆகவே கதவைத் தட்டிப் பார்க்காமலே அந்த வரிசை முழுவதும் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டோம். எப்படியும் திரும்பி வரத்தானே போகிறோம் என்று நினைத்தோம்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். பியதாசவும் பார்த்தான். தமிழ் தெரியாவிட்டாலும், நான் என்ன சொல்லப் போகிறேன் என்பதில்தான் தன் உயிர் இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தட்டினார்கள், யாரும் பதில் சொல்லவில்லை என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். அப்படிச் சொன்னால் என் விளக்கம் முழுசாக நிற்கும். ஆனால் கறுப்பையாவின் தாய் அன்றைக்கு விழித்திருந்தாரா, தூங்கினாரா என்று எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஒரு பொய் பிடிபட்டால் மற்றது எல்லாமே பொய்யாகிவிடும்.

பியதாச சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். மருந்து முடிந்துவிட்டது என்பதையும், தட்டவில்லை என்பதையும் விடவில்லை.

கறுப்பையா பியதாசவையே பார்த்துக்கொண்டு நின்றார். கத்தியைப் பிடித்திருந்த கையின் நரம்பு எனக்குத் தெரிந்தது.

"மருந்து தீந்து போச்சாமே" என்று கடைசியில் மற்றவர்களிடம் சொன்னார். "இந்தத் தோட்டத்துல எதுதான் தீராம இருந்திச்சு?"

அரிசி தீர்ந்துபோகும், டிஸ்பென்சரியில் மருந்து தீர்ந்துபோகும், கூரைத் தகரம் தீர்ந்துபோகும். அவர்களுக்குப் பழகிய காரணம் அது. நான் அழகாகச் சொன்ன விளக்கத்தை நம்பாதவர்கள், வேலையை அரைகுறையாக விட்டுவிட்டுப் போனார்கள் என்பதை உடனே நம்பினார்கள். கத்தி கீழே தாழ்ந்தது. பியதாச மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

ஆனால் பார்வதி அசையவில்லை.

"நீங்க சொல்றது நெசமா இருக்கலாம், நானா. நெசம்னு நம்பி நான் போயி புள்ளையக் கூட்டியாந்து, அப்புறம் பொய்யா இருந்தா?"

பயப்பட ஒன்றும் இல்லை அக்கா என்று மட்டும் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"தொரை பங்களாக் கதவுல இந்தக் கோட்டப் போடுங்க. தொரைய யாரும் லொறியில ஏத்த மாட்டாங்க. அப்புறம் என்ன நடக்குதுனு நாங்க பாக்குறோம்."

5. பங்களாக் கதவு

அந்தத் தோட்டத்துத் தொரை கண்டிப் பக்கத்துச் சிங்களவர். வெள்ளைக்காரத் தொரை போன பிறகு வந்தவர். தோட்டத் தமிழ் நன்றாகப் பேசுவார். பங்களா மேட்டில் இருந்தது. கீழேயிருந்து கற்படிகள் ஏறிப் போகவேண்டும். படிகளின் அடியில் பார்வதியும் கறுப்பையாவும் மற்றவர்களும் நின்றுகொண்டார்கள். பியதாசவையும் அவனுடைய ஆட்களையும் நடுவில் வைத்திருந்தார்கள். நான் மட்டும் தகரத்தையும் சாய டின்னையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு ஏறினேன். முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்கள். பாதையில் ஜீப் சத்தம் கேட்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் காது கொடுத்துக்கொண்டு போனேன். ஓரிடத்தில் தடுமாறி டின்னிலிருந்து சாயம் சிந்தி, சட்டையெல்லாம் இரத்தம் போல் ஆகிவிட்டது.

தொரை வராந்தாவில் நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதியிலேயே நிறுத்தினார். பொலிஸ் வந்துகொண்டிருக்கிறது, கத்தி எடுத்தவன் எல்லோரையும் உள்ளே போடப் போகிறேன், நீ இங்கேயே இரு, உனக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

எனக்கு ஒன்றும் ஆகாது என்பது உண்மைதான். படியில் ஏறி வந்துவிட்டேன், இனி இறங்க வேண்டியதில்லை. அங்கே வராந்தாவில் ஒரு பிரம்பு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்துவிட்டால் மற்றதைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். அந்த நாற்காலியை நான் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கீழே எட்டிப் பார்த்தேன். பியதாச கூட்டத்தின் நடுவில் சின்னதாகத் தெரிந்தான்.

கதவுக்குப் போய்த் தகரத்தை வைத்து, ஓரத்தை மட்டும் தடவி வெற்று வட்டம் போட்டேன். மெருகு ஏற்றிய பலா மரக் கதவு. சாயம் வழிந்தது. தகரத்தை எடுத்துவிட்டு, குறுக்கே கோட்டைத் தூரிகையால் இழுத்தேன்.

தொரை என் தோளைப் பிடித்து இழுத்தார். "என்ன மனுஷன் நீ? என் பேரையே வெட்டிட்டியா?"

அவருக்கும் அந்தக் கோட்டின் அர்த்தம் அதுதான். அதைக் கேட்டதும் என் பயத்துக்கு நடுவிலும் ஒன்று விளங்கியது. காரியாலயத்தில் மேசைக்கு முன்னால் இருந்து நாங்கள் நினைத்த அர்த்தம் இந்தத் தோட்டத்தில் ஒருவருக்கும் இல்லை. தொரைக்கும் இல்லை.

"உங்க பேரையும் வெட்டலாம்னு அவங்க பாக்கணும், சேர். பிறகு மருந்து அடிக்கிறதையும், வட்டத்த நிரப்புறதையும் பாக்கணும். பாத்தா நாளைக்கு வேலைக்கு வருவாங்க. பொலிஸ் வெடி வச்சா ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றேன்.

அவர் கீழே பார்த்தார். கீழே ஒருவரும் அசையவில்லை. அவர்கள் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொரை கையை எடுத்துக் கோட்டை அழித்திருந்தால் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைக்கப் பயப்படுகிறேன். அவர் என் தோளை விட்டார். உள்ளே திரும்பி, மருந்து அடிக்க வசதியாகச் சாமான்களை எல்லாம் வெளியே எடுக்கச் சொல்லி வேலைக்காரருக்குச் சத்தம் போட்டார்.

நான் கையை அசைத்தேன். கறுப்பையா பியதாசவின் முதுகில் தட்டி மேலே போகச் சொன்னார்.

6. ஜீப்

பொலிஸ் ஜீப் வந்தபோது, பங்களாப் புல்தரையில் கட்டில், அலுமாரி, பீங்கான் பெட்டி எல்லாம் கிடந்தன. தொரை ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே பியதாசவின் ஆட்கள் படுக்கையறைச் சுவரில் மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். சார்ஜன்ட் துவக்கோடு இறங்கி, கலகம் எங்கே என்று கேட்டார். தொரை அவரையும் பார்த்தார், படிகளின் கீழே நிற்கும் தன்னுடைய ஆட்களையும் பார்த்தார்.

"கலகம் இல்ல. மருந்து அடிக்கிறாங்க" என்றார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நல்ல மனம் என்றும் சொல்லலாம், கட்டிலை வெளியே போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் வெட்கம் என்றும் சொல்லலாம். ஜீப் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது.

பியதாச வெளியே வந்து, என் கையிலிருந்த தூரிகையை வாங்கி வட்டத்தை நிரப்பினான். கோடு மறைந்தது. கீழே நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். கறுப்பையா தன் லயத்துக்கும் வரச் சொன்னார். அங்கும் அதே மாதிரி நடந்தது. அதன் பிறகுதான் பார்வதி தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு மேலே காட்டை நோக்கி நடந்தார்.

பெண்கள் பின்னேரம் இறங்கி வந்தார்கள். பார்வதியின் மகளைச் சாக்கில் தொட்டில் கட்டித் தூக்கிவந்தார்கள். உடம்பு அனலாக இருந்தது, பேச்சு இல்லை. டிஸ்பென்சரி ஐயா மாத்திரை கொடுத்து, சாவியைத் திருப்பி வாங்கி எங்கள் லொறியிலேயே மாத்தளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்தப் பிள்ளை பிழைத்தது. வேறொரு கைக்குழந்தை காட்டிலேயே காய்ச்சலில் போய்விட்டது. தாய் அதைச் சேலைக்குள் வைத்து மூடிக்கொண்டு இறங்கி வந்தார். எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. லயத்து வாசலில் அவர் உட்கார்ந்து சேலையை விலக்கியபோதுதான் கண்டோம். முழு வட்டம் போட்ட வீடு அவருடையது. அவருடைய கதவில் கோடே இருக்கவில்லை. பக்கத்து வீட்டார் ஓடுகிறார்களே என்று அவரும் ஓடியிருக்கிறார்.

வில்கமுவவிலிருந்து யாரும் தேடிவருவதற்கு முன்பே புறப்பட்டுவிட்டோம். மாத்தளையில் இறங்கும்போது பியதாச என் கையைப் பிடித்தான். அவனுடைய கை இன்னும் சில்லென்று இருந்தது.

7. அதற்குப் பிறகு

தொரை காரியாலயத்துக்கு எழுதினாரா, வேறு யாராவது சொன்னார்களா தெரியாது. அனுமதி இல்லாமல் தனியார் கதவில் சாயம் பூசியதற்காக என் வேலை போனது. அடையாளமும் போனது. கதவில் பழையபடி எழுத்தே எழுதினார்கள், இந்தத் தடவை இரண்டு மொழியிலும். நான் அச்சகத்துக்குத் திரும்பிப் போனேன்.

செய்தி பற்றிய என் கட்டுரைகள் அதற்குப் பிறகு மாறின. முன்பெல்லாம் செய்தியை யார் கொண்டுவந்தார்கள், எதில் கொண்டுவந்தார்கள் என்று கேட்டு எழுதினேன். பறையா, மணியா, தந்தியா என்று. அந்த நாளுக்குப் பிறகு, அதைக் கேட்டபோது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று கேட்கத் தொடங்கினேன். அப்போதுதான் ஆட்கள் உண்மையில் பேசத் தொடங்கினார்கள். தப்புச் சத்தம் கேட்டதும் பிள்ளையை ஒளித்து வைத்தவர்கள், தந்திக்காரரைக் கண்டதும் வாசலிலேயே அழத் தொடங்கியவர்கள். மாத்தளை மாவட்டத்தில் செய்தி எப்படி நடந்தது என்று நான் எழுதிய புத்தகம் முழுக்க அவர்கள்தான் இருக்கிறார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிற இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஓர் அடையாளத்தையோ அறிவித்தலையோ செய்தால், அதை ஊரிலேயே அதிகம் பயப்படக் காரணம் உள்ளவரிடம் முதலில் காட்டுங்கள். அவருக்கு அதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவர் சொல்வது உங்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படலாம். ஏன் அவருக்கு அப்படிப் படுகிறது என்று இன்னொரு தடவை கேளுங்கள். பயப்பட ஒன்றும் இல்லை என்று மட்டும் அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். அதை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் பார்வதி அச்சகத்துக்கு வந்தார்.

கூடவே மகள் வந்திருந்தாள். நன்றாக வளர்ந்து, கையில் ஒரு பிள்ளையோடு. அவர்களுக்கு இந்தியா என்று முடிவாகியிருந்தது. தம்பி குடும்பம் இங்கே. மாத்தளையில் ரயில் ஏறித் தலைமன்னார் போய்க் கப்பல் பிடிக்க வேண்டும். கொண்டுபோகிற பெட்டி தொலைந்துபோகாமல் இருக்கப் பெயரையும் ஊரையும் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். அன்றைக்கு நடந்ததைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவர் அன்றைக்குப் பயந்தது நடந்தே விட்டது. கோடு இந்தத் தடவை கதவில் விழவில்லை, எங்கேயோ ஒரு காகிதத்தில் விழுந்திருந்தது.

இரும்புப் பெட்டியைத் துடைத்துக் காயவைத்து, வெள்ளைச் சாயத்தில் பெரிய எழுத்தாகப் பெயர் எழுதினேன். எந்த ஊர் என்று கேட்டேன். ஓர் ஊரின் பெயரைச் சொன்னார். அவருடைய பாட்டனார் விட்டுவந்த ஊர். எந்த மாவட்டம் என்று கேட்டேன்.

"அது தெரியாதுங்க நானா. பேரு மட்டுந்தான் தெரியும்" என்றார்.

அவர் உச்சரித்தபடியே எழுதினேன். அப்படி ஓர் ஊர் இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. மகள் எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்துவிட்டு, தாயிடம் சரியாக இருக்கிறது என்று தலையாட்டினாள். சாயம் காயும்வரை மூவரும் பெட்டியின் பக்கத்தில் நின்றோம்.